கடனா, அமானிதமா? பிடித்த வரியும் நிறுவனப் பொறுப்பாளரும்

வணிக நிறுவனம் ஒன்று நொடித்து வீழும்போது அதன் கடன்களை எவர் தீர்ப்பது என்னும் வினாவுக்கு, ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாகச் சட்டம் ஒரே விடையைக் கூறிவருகிறது. நிறுவனத்தின் கடன் நிறுவனத்திற்கே உரியது. பங்குதாரரின் வீட்டையோ, இயக்குநரின் நிலத்தையோ, கணக்கரின் சேமிப்பையோ கடன் கொடுத்தவர் தீண்ட இயலாது என்பதே அவ்விடை. இன்றைய வணிக உலகம் இவ்விதியின் மீதே எழுப்பப்பட்டுள்ளது எனின் மிகையாகாது. ஆயினும் இதற்கு ஒரு விலக்கு உண்டு. தொழிலாளியின் ஊதியத்திலிருந்து வரியெனப் பிடித்த தொகையும், வாடிக்கையாளரிடம் விற்பனை வரியெனப் பெற்ற தொகையும் அரசுக் கருவூலத்தைச் சென்று சேராதபோது, சட்டம் நிறுவனம் என்னும் மதிலைக் கடந்து உட்புகுந்து, காசோலையில் ஒப்பமிட்டவர் எவர் என்று கேட்கிறது.

இவ்விலக்கு எங்ஙனம் தோன்றியது? அதன் அடிப்படை நியாயம் யாது? அந்நியாயத்தின் பெயரால் எவர் சுமை தாங்குகிறார்? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இவ்விதி மிக விரிவாக வளர்ந்தது அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஆகையால், அந்நாட்டு வரலாற்றையே முதன்மையாகக் கொள்கிறோம். பின்னர், இதே வினாவை இந்தியச் சட்டம் வேறொரு வழியில் எதிர்கொண்ட வரலாற்றையும் சுருக்கமாகக் காண்போம்.

மதில் எழுந்த வரலாறு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, இங்கிலாந்தில் கூட்டு வணிகத்தில் ஈடுபட்டவர் அவ்வணிகத்தின் கடனுக்குத் தம் உடைமை முழுவதையும் இழக்க நேரிடும் என்பதே பொது நிலை. 1855ஆம் ஆண்டு பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய வரையறுக்கப்பட்ட பொறுப்புச் சட்டமும், அதனையடுத்து வந்த 1856, 1862ஆம் ஆண்டுச் சட்டங்களும் இந்நிலையை மாற்றின. பங்கிற்கு உரிய தொகையைச் செலுத்தியவருக்கு அதற்கு மேல் பொறுப்பில்லை என்றாயிற்று.

இக்கோட்பாட்டை அதன் எல்லை வரை கொண்டு சென்றது சாலமன் வழக்கு. லண்டனில் காலணி தயாரித்து வந்த ஏரன் சாலமன் என்பவர் 1892இல் தம் தொழிலை நிறுவனமாக்கினார். சட்டம் கோரிய எழுவரில் அவரும் அவர் மனைவியும் மக்கள் ஐவருமே அடங்கினர். மொத்தமிருந்த 20,007 பங்குகளில் 20,001 அவர் கைவசம் இருந்தன. நிறுவனம் விரைவில் வீழ்ந்தது. கடன் கொடுத்தோர், இந்நிறுவனம் சாலமனின் மறுபெயரேயன்றி வேறில்லை என்று வாதிட்டனர். கீழ்மன்றங்கள் அவர்கள் பக்கம் சாய்ந்தன. ஆனால் பிரபுக்கள் சபை, உரிய முறையில் பதிவான நிறுவனம் அதன் உறுப்பினரினின்றும் வேறுபட்ட தனி ஆள் என்று தீர்ப்பளித்தது. 1897ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுதியில் இடம்பெற்ற அவ்வழக்கு, இன்றளவும் நிறுவனச் சட்டத்தின் அடித்தளமாகக் கற்பிக்கப்படுகிறது.

இத்தீர்ப்பு காத்தது கடன்களிலிருந்து மட்டுமே என்பது ஈண்டுக் கருதத்தக்கது. தோல் விற்றவர் தம் சரக்கைக் கடனாகக் கொடுக்கும்போது, பணம் திரும்பாமற்போகும் இடரையும் அறிந்தே கொடுக்கிறார். அவ்விடருக்கேற்ப விலையை உயர்த்தலாம், ஈடு கேட்கலாம், கொடுக்க மறுக்கவும் செய்யலாம். தம் பொருள் பிறர் கைக்குச் சென்றதையே தேர்ந்து அறியாத ஒருவரை இந்நியாயம் எவ்வாறு கட்டும் என்னும் வினாவைச் சாலமன் வழக்கு எழுப்பவில்லை. அதனை எழுப்பியது வரிச் சட்டம்.

ஊதியமில்லாத் தண்டல்காரர்

வரி தண்டும் பணியை அரசு தன் அலுவலர் அல்லாதார் வழியே செய்வித்தது பழைய வழக்கமே. ரோமப் பேரரசிலும், அப்பாசியர் காலத்திலும், உஸ்மானியர் ஆட்சியிலும் வரிக் குத்தகை நிலவியது. குத்தகைதாரர் ஒரு தொகையை அரசுக்கு உறுதியளித்து, அதற்கு மேல் தண்டியதைத் தம் இலாபமாகக் கொண்டார். கலீஃபா ஹாரூன் அர்-ரஷீதுக்காக எழுதிய ‘கிதாபுல் கராஜ்’ நூலில் இமாம் அபூ யூசுஃப் (ரஹ்) அவர்கள் இம்முறையைக் கண்டித்துள்ளமை வரலாற்று மாணவர் அறிந்ததே. குடிமக்கள் மீது குத்தகைதாரர் தாங்கவொண்ணாச் சுமையை ஏற்றுவர் என்பது அவர்தம் கவலை.

நவீன அரசு கண்ட முறை இதற்கு நேர்மாறானது. அது தண்டல்காரருக்கு இலாபம் எதனையும் தரவில்லை, கூலியும் தரவில்லை. 1803இல் இங்கிலாந்தின் பிரதமர் ஹென்றி அடிங்டன் மீண்டும் கொணர்ந்த வருமான வரியில், வருமானம் தோன்றும் இடத்திலேயே வரியைப் பிடிக்கும் ஏற்பாடு அமைந்தது. நிலத்தில் குடியிருப்பவர் வரியைக் கட்டிவிட்டு, வாடகையில் அதனைக் கழித்துக்கொண்டு எஞ்சியதை உரிமையாளருக்குச் செலுத்தினார். வரி கொடுப்பவர் ஒருவர், வரியைக் கொண்டு சேர்ப்பவர் வேறொருவர் என்னும் பிரிவு அன்று தொட்டு வேரூன்றியது.

அமெரிக்காவில் உள்நாட்டுப் போரின் செலவுக்காக 1862இல் வந்த வருமான வரி, அரசு ஊழியர் ஊதியத்திலும், இரயில்வே, வங்கி முதலியவை அளித்த வட்டி, இலாபப் பங்கிலும் பிடித்தம் செய்யப்பட்டது. போருக்குப் பின் அவ்வரி மறைந்தது. 1913இல் மீண்டும் வந்த வருமான வரியிலும் பிடித்தம் இருந்தது. நிறுவனங்களின் எதிர்ப்பு வலுத்தமையால் 1917இல் அது கைவிடப்பட்டது. நிலையான பிடித்தம் தொடங்கியது 1935ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியே ஆகும். அதன்படி 1937 ஜனவரி முதல் தொழிலாளியின் ஊதியத்தில், ஆண்டுக்கு 3,000 டாலர் வரை, நூற்றுக்கு ஒன்று பிடிக்கப்பட்டது. முதலாளி தம் பங்காக இன்னொன்று செலுத்தினார்.

பெரும் மாற்றத்தைக் கொணர்ந்தது இரண்டாம் உலகப்போர். 1939இல் வருமான வரி செலுத்திய அமெரிக்கர் சுமார் 40 இலட்சம் பேர்; 1945இல் அவர்கள் தொகை 4 கோடியைத் தாண்டிற்று. இத்துணைப் பேரிடமும் ஆண்டிறுதியில் தனித்தனியே வரி கேட்பது இயலாத செயல். மேஸி பல்பொருள் அங்காடியின் பொருளாளராகவும் நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் தலைவராகவும் விளங்கிய பியர்ட்ஸ்லி ரம்ல், ஈட்டும்போதே செலுத்தும் முறையை முன்மொழிந்தார். 1943 ஜூன் மாதம் நடப்பு வரிச் செலுத்துகைச் சட்டம் நிறைவேறியது. ஜூலை முதல் நாள் தொட்டு ஊதியப் பிடித்தம் நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஆண்டே பிரிட்டனும் இத்தகு முறையை மேற்கொண்டது.

விற்பனை வரியின் வரலாறும் இக்காலத்ததே. 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் சொத்து வரி வற்றிப்போக, மிஸிஸிப்பி தொடங்கி இருபதுக்கும் மேற்பட்ட அமெரிக்க மாநிலங்கள் பொது விற்பனை வரியை விதித்தன. கடைக்காரர் ஒவ்வொருவரும் அரசின் தண்டல்காரரானார். கூலியின்றி, விருப்பம் கேட்கப்படாமல், இலட்சக்கணக்கான வணிகர் கையில் அரசின் பணம் நாள்தோறும் வந்து தங்கிற்று.

தனி ஆளைத் தேடிய விதி

தங்கிய பணம் போய்ச் சேரவில்லையெனில் என் செய்வது? முதல் உலகப்போரின்போது நாடகக் காட்சிச் சீட்டு, பயணம் முதலியவற்றின் மீது விதித்த வரிகளை நடத்துநரே வாடிக்கையாளரிடம் பெற்றுச் செலுத்த வேண்டியிருந்தது. 1919 பிப்ரவரியில் சட்டமான ‘1918ஆம் ஆண்டு வருவாய்ச் சட்டம்’, இவ்வாறு பெற்றதை மனமறிந்து செலுத்தத் தவறியவர் மீது, அத்தொகைக்குச் சமமான தண்டத்தை விதித்தது. 1934ஆம் ஆண்டுச் சட்டம் மேலும் ஒரு படி சென்றது. பிறரிடமிருந்து வரியாகப் பெற்ற அல்லது பிடித்த தொகை, அமெரிக்க அரசுக்காக நம்பிக்கையின்பேரில் வைக்கப்பட்ட தனி நிதியாகும் என்று அது அறிவித்தது. 1954ஆம் ஆண்டு வருவாய்ச் சட்டத் தொகுப்பில் இவ்விரண்டும் முறையே 6672, 7501ஆம் பிரிவுகளாக அமைந்தன.

இவ்விரு பிரிவுகளின் இயக்கத்தை ஒரு கணக்கால் விளக்கலாம். ஒரு தொழிலாளியின் ஊதியம் 1,000 டாலர் எனக் கொள்வோம். அதில் வருமான வரியாக 100 டாலரும், சமூகப் பாதுகாப்பு, மருத்துவக் காப்பீடு ஆகியவற்றுக்காக நூற்றுக்கு 7.65 வீதம் 76.50 டாலரும் பிடிக்கப்படுகின்றன. முதலாளி தம் பங்காக மேலும் 76.50 டாலர் சேர்க்க வேண்டும். ஆக நிறுவனம் செலுத்த வேண்டியது 253 டாலர். நிறுவனம் வீழ்ந்தால், பொறுப்பாளரின் சொந்தப் பையிலிருந்து அரசு கேட்கக்கூடியது இதில் 176.50 டாலர் மட்டுமே. முதலாளியின் பங்கான 76.50 டாலர் நிறுவனத்தின் கடன். சாலமன் வழக்கின் மதில் அதற்குக் காப்பாக நிற்கும். தொழிலாளியிடம் பிடித்த 176.50 டாலரோ என்றுமே நிறுவனத்துக்கு உரியதாக இருந்ததில்லை.

இன்னொரு செய்தியும் இதனோடு இணைந்தது. பிடித்த தொகையை முதலாளி விழுங்கிவிட்டாலும், தொழிலாளி தம் வரியைச் செலுத்திவிட்டதாகவே அமெரிக்கச் சட்டம் கொள்கிறது. இது நீதியான ஏற்பாடு. ஆனால் இதனால் இழப்பு முழுதும் பொதுக் கருவூலத்தைச் சேர்கிறது. தனி ஆளைத் தேடும் விதி இத்துணைக் கடுமையாக அமைந்ததற்கு இதுவே உண்மையான காரணம்.

எவர் பொறுப்பாளர்?

சட்டம் பதவியைப் பாராது அதிகாரத்தையே பார்க்கிறது. தலைவர், செயலாளர், பொருளாளர் என்னும் பட்டங்கள் சான்றாகலாம், முடிவாகா. எந்தக் கடனை முதலில் தீர்ப்பது என்று முடிவு செய்யும் ஆற்றல் எவருக்கு இருந்தது என்பதே வினா. காசோலையில் ஒப்பமிடும் உரிமை, ஊழியரை அமர்த்தவும் நீக்கவும் உரிமை, வரிப் படிவங்களில் கையெழுத்து ஆகியவற்றை நீதிமன்றங்கள் எடைபோடுகின்றன. ஒருவருக்கு மேற்பட்டோர் பொறுப்பாளராகலாம். அவருள் எவரிடமும் முழுத் தொகையையும் அரசு கேட்கலாம்.

‘மனமறிந்து’ என்னும் சொல்லுக்கும் நீதிமன்றங்கள் தந்த பொருள் குறிப்பிடத்தக்கது. மோசடி எண்ணம் வேண்டியதில்லை. வரி நிலுவையில் உள்ளது என்று அறிந்தும் வேறொருவருக்குப் பணம் கொடுத்தாலே போதும். மின்கட்டணம் கட்டியவர், மூலப்பொருள் விற்றவருக்குக் கொடுத்தவர், ஏன், தொழிலாளருக்கு நிகர ஊதியத்தைக் கொடுத்தவரும் இவ்வரையறைக்குள் அடங்குவர். தொழிற்சாலை மூடாதிருக்கவும், உழைத்தோர் வீட்டில் உலை கொதிக்கவும் வேண்டி அவ்வாறு செய்தேன் என்பது இரக்கத்துக்குரிய விடை. எனினும் பிறர் பணத்தைக் கொண்டு இரக்கம் காட்ட எவருக்கும் உரிமையில்லை என்பதே நீதிமன்றங்களின் நிலை.

மேலிடத்தார் தடுத்தார் என்னும் வாதமும் எடுபடவில்லை. 1983இல் ஐந்தாம் வட்டார மேல்முறையீட்டு மன்றம் தீர்த்த ஹோவர்ட் வழக்கில், வரியைக் கட்டாதே என்று நிறுவனத்தின் தலைமையாளர் ஆணையிட்டதாக, காசோலையில் ஒப்பமிடும் உரிமை பெற்றிருந்த அலுவலர் கூறினார். பிற கடன்களுக்கு அவரே காசோலை எழுதியிருந்தார். ஆணை அவரைப் பொறுப்பினின்று விடுவிக்காது என்று மன்றம் கூறிற்று. வேலையை இழப்பதா, சொந்த உடைமையை இழப்பதா என்னும் இக்கட்டில் நிற்கும் கணக்கர்க்கு இத்தீர்ப்பு கசப்பானதே.

1978 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரே நாளில் இரு தீர்ப்புகளை வழங்கியது. இவ்விதியின் கடுமையும் எல்லையும் அவ்விரண்டில் தெளிவாகப் புலப்படுகின்றன. முதலாவது ஸோடெலோ வழக்கு. கொத்துவேலை நிறுவனம் ஒன்றின் தலைவர், பிடித்த வரியைச் செலுத்தத் தவறி, நிறுவனத்தோடு தாமும் திவாலானார். சுமார் 40,000 டாலர் அவர் தலைமேல் நின்றது. திவாலானவருக்குப் பழைய கடன்களினின்றும் விடுதலை தருவது சட்டத்தின் இயல்பு. ஆயினும் இப்பொறுப்புக்கு அவ்விடுதலை கிடையாது என்று ஐவருக்கு நால்வர் என்னும் பெரும்பான்மையில் நீதிமன்றம் முடிவு செய்தது. ஏனைய கடனெல்லாம் தீர்ந்தாலும் இது வாழ்நாளெல்லாம் தொடரும் என்றாயிற்று.

இரண்டாவது ஸ்லோடாவ் வழக்கு. பல் மருத்துவர் ஒருவர் 1969 ஜனவரி இறுதியில் உணவு விற்பனை நிறுவனங்கள் மூன்றை விலைக்கு வாங்கினார். முன்னைய நிர்வாகத்தார் பிடித்து விழுங்கிய வரி ஏறத்தாழ 2,50,000 டாலர். அவர் பொறுப்பேற்றபோது அப்பணத்தில் எதுவும் எஞ்சியிருக்கவில்லை. பின்னர் ஈட்டிய பணத்தால் ஊதியமும் சரக்குக் கடனும் கொடுத்து அவர் தொழிலை நடத்தினார். சில மாதங்களில் அது வீழ்ந்தது. பழைய நிலுவைக்கு அவரைப் பொறுப்பாக்க முயன்ற அரசின் வாதத்தை நீதிபதி பிரென்னன் எழுதிய தீர்ப்பு மறுத்தது. நம்பிக்கைப் பொருள் முன்னரே அழிந்துவிட்டது. பின்வந்தவர் புதிதாக ஈட்டிய பணத்தின் மீது அந்நம்பிக்கைப் பொறுப்பு தானாகவே படியாது என்பது அதன் சாரம். பிறர் செய்த துரோகத்துக்கு ஒருவரைத் தண்டிக்க இவ்விதி கருவியாகாது என்னும் எல்லை இதனால் வரையப்பட்டது.

கலந்துபோன பணம்

இவ்விடத்தில் கூர்மையானதொரு வினா எழுகிறது. நம்பிக்கைப் பொருள் என்றால் அது தனியே சுட்டிக்காட்டத் தக்கதாக இருத்தல் வேண்டும். பிடித்த வரியோ பெரும்பாலும் எந்தப் பெட்டியிலும் தனியே வைக்கப்படுவதில்லை. சம்பளப் பட்டியலில் ஓர் எண்ணாக எழுதப்பட்டு, நிறுவனத்தின் பொதுக் கணக்கிலேயே கலந்து கிடக்கிறது. எண் மட்டும் உண்டு, பணம் இல்லை என்னும் நிலையும் வரலாம். இதனை நம்பிக்கைப் பொருள் எனலாமா?

நம் ஃபிக்ஹு நூல்களைப் பயின்றோர்க்கு இவ்வினா புதிதன்று. அமானிதம் வேறு, கடன் வேறு என்பது அந்நூல்களின் அடிப்படைப் பாகுபாடு. கடன் வாங்கியவர் எந்நிலையிலும் திருப்பித் தர வேண்டியவர். ஆனால் அவர் திவாலானால் கடன் கொடுத்தவர் பிறரோடு பங்கிட்டுக்கொள்ள வேண்டும். அமானிதம் பெற்றவர், வரம்பு மீறலோ கவனக்குறைவோ இன்றிப் பொருள் அழிந்தால் ஈடு செய்ய வேண்டியதில்லை. ஆனால் அப்பொருள் அப்படியே இருக்கும்வரை அது அவர்தம் உடைமையில் சேராது. அவருக்குக் கடன் கொடுத்தோர் அதனைத் தொடவும் முடியாது. அமானிதப் பொருளை உரிமையாளரின் இசைவின்றித் தம் பொருளோடு பிரித்தறிய முடியாவண்ணம் கலந்துவிட்டால், அக்கலப்பே வரம்பு மீறலாகி, அவர் ஈடு செய்யும் பொறுப்புக்கு உள்ளாகிறார். 1869 முதல் 1876 வரை அஹ்மத் ஜெவ்தெத் பாஷா தலைமையில் உஸ்மானிய அரசு தொகுத்த ‘மஜல்லா’ சட்டத் தொகுப்பு, அமானிதத்துக்கென்றே தனி நூற்பகுதி வகுத்து, இவ்விதியையும் அதில் சேர்த்துள்ளது. காப்பாளராக இருந்தவர் கலத்தல் என்னும் செயலால் கடனாளியாக மாறுகிறார் என்பது இதன் நுட்பம்.

அமெரிக்கச் சட்டம் தன் போக்கில் இதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. 1958இல் இயற்றிய பிரிவொன்றின்படி, தவறும் நிறுவனத்துக்கு அறிவிப்புக் கொடுத்து, பிடித்த வரியைத் தனி வங்கிக் கணக்கில் இடுமாறு அரசு கட்டளையிடலாம். 1984இல் விமான நிறுவனம் ஒன்றுக்கு அத்தகைய கட்டளை பிறந்தது. அந்நிறுவனம் ஒரு பகுதியைத் தனிக் கணக்கிலும் மறுபகுதியைப் பொதுக் கணக்கிலிருந்தும் செலுத்தியபின் திவாலாயிற்று. செலுத்திய பணம் ஏனைய கடன்காரருக்கும் உரியது என்று திவால் பொறுப்பாளர் வழக்குத் தொடுத்தார். 1990இல் உச்ச நீதிமன்றம் அவ்வழக்கை அரசின் சார்பில் தீர்த்தது. ஊதியம் கொடுத்த அளவிலேயே நம்பிக்கைப் பொறுப்பு பிறந்துவிடுகிறது. நிறுவனம் தானே முன்வந்து செலுத்தியபோது, செலுத்திய பணமே அந்நம்பிக்கைப் பொருள் என்று கொள்ளப்படும் என்று அத்தீர்ப்பு கூறிற்று. பெட்டியில் இல்லாத பொருளைச் சட்டம் தன் சொல்லால் உண்டாக்கியது என்றே நாம் கூறவேண்டும்.

விதியின் கடுமையைத் தணிக்கச் சில திருத்தங்களும் வந்தன. 1996ஆம் ஆண்டுச் சட்டம், தண்டம் விதிப்பதற்கு 60 நாள்களுக்கு முன் எழுத்து அறிவிப்பு வேண்டும் என்றது. முழுத் தொகையையும் கட்டியவர், ஏனைய பொறுப்பாளரிடம் அவரவர் பங்கைக் கேட்டுப் பெறும் உரிமையையும் தந்தது. வரிவிலக்குப் பெற்ற அறநிறுவனங்களில் ஊதியமின்றிக் கௌரவ உறுப்பினராக இருந்து, அன்றாடப் பணவரவு செலவில் ஈடுபடாது, தவறு நேர்ந்ததை அறியாதிருந்தோரையும் விலக்கிற்று. ஆனால் அதனால் எவருமே பொறுப்பில்லை என்னும் நிலை உண்டாகலாகாது.

சென்னை மாகாணத்தில் தொடங்கிய வரி

இந்தியாவில் பொது விற்பனை வரி தோன்றிய இடம் சென்னை மாகாணமே. 1937இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கிய இராஜாஜி அமைச்சரவை, அதனால் குறைந்த வருவாயை ஈடுசெய்ய 1939இல் சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டத்தை இயற்றியது. பிற மாகாணங்களும் பின்தொடர்ந்தன.

ஆனால் இந்திய நீதிமன்றங்கள் அமெரிக்க வழியில் செல்லவில்லை. விற்பனை வரி வணிகர் மீதே விதிக்கப்படுகிறது. வாங்குபவர் கொடுப்பது விலையின் ஒரு பகுதியே. வரியென்று தனியே எழுதிப் பெற்றாலும் முதற்பொறுப்பு வணிகருடையதே என்று 1958இல் டாட்டா இரும்பு எஃகு நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. 1973இல் சௌரிங்கி வழக்கில், தனிக் கணக்கில் எழுதி வைத்திருந்த விற்பனை வரித் தொகையும் வணிகரின் வரவே என்று முடிவாயிற்று. அமெரிக்காவில் அமானிதமாகக் கருதப்பட்ட பணம் இங்குக் கடனாகக் கருதப்பட்டது.

இதன் விளைவை 1964ஆம் ஆண்டு அப்துல் காதர் கம்பெனி வழக்கு காட்டுகிறது. ஹைதராபாத்தில் வெற்றிலை வணிகம் செய்த அந்நிறுவனம், வாடிக்கையாளரிடம் விற்பனை வரி பெற்று, அரசுக்குச் செலுத்தாதிருந்தது. அவ்விற்பனைக்கு அவ்வாறு வரி பெறச் சட்டத்தில் இடமில்லை என்பதே நிறுவனத்தின் வாதம். வரி அல்லாததை வரியென்று பெற்ற தொகையைத் தன்னிடம் ஒப்படைக்கச் சொல்ல மாநிலச் சட்டமன்றத்துக்கு அதிகாரமில்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மக்களிடம் பெற்ற பணம் அரசுக்கும் சேரவில்லை, கொடுத்தவர்க்கும் திரும்பவில்லை. இக்குறையை ஓரளவு நீக்கியது 1977ஆம் ஆண்டு அஜித் மில்ஸ் வழக்கு. அத்தகைய தொகையைத் தண்டமாகப் பறிமுதல் செய்யலாம் என்று எழுவர் அமர்வு அதில் ஏற்றுக்கொண்டது. 2017இல் நடைமுறைக்கு வந்த சரக்கு, சேவை வரிச் சட்டத்தின் 76ஆம் பிரிவு, வரியென்று பெற்றது எதுவாயினும், அது உண்மையில் விதிக்கத்தக்கதோ இல்லையோ, அரசுக்குச் செலுத்தியே ஆகவேண்டும் என்று வெளிப்படையாக விதித்தது.

பணம் கடனென்று கொள்ளப்பட்டமையால், இயக்குநரைப் பொறுப்பாக்க இந்தியாவில் தனித்தனி விதிகள் தேவைப்பட்டன. 1956ஆம் ஆண்டு மத்திய விற்பனை வரிச் சட்டம், கலைக்கப்படும் தனியார் நிறுவனத்தின் இயக்குநரைப் பொறுப்பாக்கியது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 179ஆம் பிரிவும், பின்னர்ச் சரக்கு, சேவை வரிச் சட்டத்தின் 89ஆம் பிரிவும் இவ்வகையினவே. தம் பெருங் கவனக்குறைவோ, முறைகேடோ, கடமை தவறலோ காரணமன்று என்று மெய்ப்பிக்கும் சுமையை இவை இயக்குநர் மீதே வைக்கின்றன.

ஊதியப் பிடித்தத்தில் மட்டும் அமானிதக் கருத்து நேராகவே நுழைந்தது. 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 405ஆம் பிரிவு நம்பிக்கை மோசடியை வரையறுத்தது. உருது மொழியில் அக்குற்றம் ‘கியானத்தே முஜ்ரிமானா’ எனப்பட்டது. அமானிதத்துக்கு எதிர்ச்சொல்லான கியானத் என்பதே அதன் வேர். 1973இல் இப்பிரிவில் சேர்த்த விளக்கம், வருங்கால வைப்பு நிதிக்கென ஊழியரிடம் பிடித்த தொகை முதலாளியிடம் நம்பி ஒப்படைக்கப்பட்டதாகவே கருதப்படும் என்றது. 1975இல் ஊழியர் அரசுக் காப்பீட்டுக்கும் இது விரிந்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 316ஆம் பிரிவும் இவ்விளக்கங்களைக் கொண்டுள்ளது.

ஆயினும் 1998இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், ‘முதலாளி’ என்று இவ்விளக்கம் சுட்டுவது நிறுவனத்தையே, இயக்குநரை அன்று என்று பொருள் கண்டது. சட்டம் தனி ஆளைப் பெயர் சொல்லிக் குறிக்காத இடத்தில் சாலமன் காலத்து மதிலே வென்றது.

நாம் காணும் முடிவு

இவ்வரலாற்றை ஒருசேர நோக்கும்போது, விலக்கின் அடிப்படை நியாயமானதே என்று நாம் கருதுகிறோம். வரையறுக்கப்பட்ட பொறுப்பு என்பது இடரை அறிந்து கடன் கொடுத்தவரோடு செய்துகொண்ட உடன்பாடு. ஊதியத்தில் பிடிக்கப்பட்ட தொழிலாளியும், விலையோடு வரி கொடுத்த நுகர்வோரும் அவ்வுடன்பாட்டில் பங்கு கொண்டவரல்லர். அவர்தம் பணத்தை எடுத்து வணிகத்தில் இடுவதற்கு நிறுவனம் என்னும் போர்வை துணைபோகலாகாது.

எனினும் அமானிதம் என்று பெயரிட்டு அதன் சுமையை ஏற்றும் அரசு, அமானிதத்தின் ஒழுங்கையும் தானே காத்தல் வேண்டும். தனிப் பையில் வைக்கச் சொல்லாமல் பல காலாண்டுகள் வாளாவிருந்துவிட்டு, எல்லாம் கரைந்தபின் கையெழுத்திட்டவரைத் தேடுவது நிறைவான நீதியன்று. தொடக்கத்திலேயே தனிக் கணக்கை வற்புறுத்துவதும், முதல் தவணை தவறும்போதே எச்சரிப்பதும், ஆணையிட்டவரையும் ஆணைக்குப் பணிந்த ஊழியரையும் ஒரே தட்டில் வைக்காதிருப்பதும் அரசின் கடமைகள். ஸ்லோடாவ் தீர்ப்பு பின்வந்தவருக்குக் காட்டிய நடுநிலை, அதிகாரமற்ற கணக்கருக்கும் உரியது.

நம் வணிகக் குடும்பங்கள் இதில் கருதவேண்டியது ஒன்றுண்டு. தொழிலை நிறுவனமாகப் பதியும்போது, எண்ணிக்கையை நிறைக்க மனைவியின் பெயரையும், தம்பியின் பெயரையும், நெடுநாள் நம்பிக்கைக்குரிய கணக்கப்பிள்ளையின் பெயரையும் இயக்குநர் பட்டியலில் சேர்ப்பது வழக்கமாக உள்ளது. சாலமனின் மனைவி மக்களுக்கு அவ்வாறு பெயர் கொடுத்ததால் இடர் ஏதும் நேரவில்லை. வரி பிடிக்கும் பொறுப்பு நிறுவனத்துக்கு வந்துவிட்ட இக்காலத்தில் நிலை அதுவன்று. பெயரைக் கொடுப்பவர் அப்பெயரோடு வரும் கணக்கையும் கேட்டுப் பார்க்க வேண்டும். கேட்பவர் அக்கணக்கைக் காட்டிய பின்னரே ஒப்பம் பெற வேண்டும். வரிப் பணத்தைத் தனி வங்கிக் கணக்கில் மாதந்தோறும் ஒதுக்கி வைக்கும் எளிய வழக்கம், சட்டம் கட்டளையிடும் முன்னரே நாமே மேற்கொள்ளத்தக்கது. அமானிதத்தைத் தம் பொருளோடு கலவாது காத்த வணிகரைப் பற்றி நம் முன்னோர் பேசிய மதிப்பும் அதனைச் சார்ந்ததே.